தண்ணி குடுத்த ஆளு

— தண்ணி குடுத்தானா இல்லையா, அத மட்டும் சொல்லு பாண்டி.

— யாரு குடுத்தா, யாருக்குக் குடுத்தா? காலங்காத்தால என்ன கேக்குறீகன்னே வெளங்கல. அந்தச் சீப்ப இங்குட்டு எடுங்க, சடை பின்னணும். பஸ்ஸ விட்டா காரைக்குடிக்கு அடுத்த பஸ்ஸு வகுப்பு முடிஞ்ச பெறகுதான் வரும்.

— போன சனிக்கிழம நானும் காரைக்குடிக்கு வந்தேன்.

— கலர்ப்பொடி வாங்க வந்தீக. தெரியும்.

— பொடிய வாங்கிட்டு, சரி, ஒன்னையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துருவோம்னு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அது ஒனக்குத் தெரியாது. அந்தப் பின்பக்க ரூம்புல சன்னல் தெறந்து கெடந்துச்சு. பாத்தேன்.

— பாத்தீகளா? பாத்துட்டு ஏன் என்னையக் கூப்புடல?

— கூப்புடுற மாதிரியா இருந்துச்சு? நீ சேர்ல உக்காந்திருக்க. கட்டம் போட்ட சட்டையும் நெத்தியில துன்னூறுமா ஒருத்தன் ஒன் முன்னாடி தரையில குந்திக்கிட்டு டம்ளர நீட்டுறான். நீ ரெண்டு கையாலயும் வாங்குற. வாங்கும்போதே ஒனக்குக் கண்ணு கலங்குது. அவன் தலையச் சாச்சு என்னமோ கேக்குறான். நீ தலைய ஆட்டுற. வண்டியத் திருப்பிக்கிட்டு ஆத்தங்குடிக்கு வந்துட்டேன். வந்த வழியே தெரியல எனக்கு.

— அந்த ரூம்புல எத்தன பேரு இருந்தாக, அதப் பாக்கலையா?

— சன்னல்ல தெரிஞ்சது ரெண்டு பேருதான்.

— சன்னல் அம்புட்டுத்தான் இருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?

— எவன் அவன்?

— ஏங்க, வகுப்புல நடக்குறத வெளியாளுககிட்டப் பேசக் கூடாதுன்னு மொத நாளே வகுப்பு எடுக்குற அகல்யா மேடம் சொல்லிட்டாக. எல்லாரு வீட்டுச் சங்கதியும் அங்க கெடக்கு. நம்ம வீட்டுச் சங்கதி நாளைக்கு இன்னொரு வீட்டு அடுப்படியில பேசப்பட்டா ஒங்களுக்கு எப்புடி இருக்கும்?

— நான் வெளியாளா?

— அப்புடிச் சொல்லல.

— நோவு எனக்கு, வகுப்பு ஒனக்கு. வாரம் தவறாம சீவிச் சிங்காரிச்சுப் போற. என்னையப் பத்தித்தான் பேசுறீக. பேசிட்டு, எவனோ தண்ணி குடுக்க, குடிச்சுட்டு வார. கேட்டா நான் வெளியாளு.

— இந்தப் பழைய சேல ஒங்களுக்குச் சிங்காரமா? இத்தன வருசமா மாத்திரையப் பொட்டலம் கட்டிக் குடுத்து அடுத்த மாசம் வான்னாக. என்ன நோவு, எதுனால வருது, திரும்பி வந்தா எப்புடிக் கண்டுபிடிக்கிறதுன்னு வீட்டாளுகள உக்கார வச்சு ஒருத்தரும் சொன்னதில்ல. நானும் ஒங்க ஆத்தாளும் பேயோட்டுற கோடாங்கிகிட்டக் கொண்டுபோயி வேப்பங்கொலையால அடி வாங்க வச்சோம் ஒங்கள. இப்பத்தான் புதுசா வகுப்பு வச்சு, இது சக்கர வியாதி மாதிரி ஒரு வியாதிம்மா, யாரு செஞ்ச பாவமும் இல்லன்னு சொல்றாக. அத மொதல்ல கேட்டன்னைக்கு எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமா?

— அதெல்லாம் சரி. நல்ல வகுப்புதான். ஆனா அங்க போக ஆரம்பிச்சதுலேர்ந்து நீ எங்கிட்டச் சண்டையே போடுறதில்ல.

— அதுவும் குத்தமா?

— குத்தந்தான். முந்தாநாளு சட்டினியத் தரையில கொட்டிட்டேன். முன்னாடின்னா என் பரம்பரையவே இழுத்திருப்ப. இப்ப, 'பரவால்லீங்க, தொடச்சுக்கலாம்'கிற. நர்சம்மா மாதிரி. அதே நாளு சாயங்காலம் பால்காரன் தண்ணி ஊத்திட்டான்னு தெரு முச்சூடும் கேக்க ஏசுன. நான் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அவன் குடுத்து வச்சவன்னு நெனச்சேன்.

— பால்காரன் மேல போயா பொறாமப்படுவீக?

— படுவேன். அவன ஆளா மதிச்சு ஏசுற. என்னைய ஒடைஞ்சுபோன சாமானாட்டம் ஒதுக்கி ஒதுக்கி வைக்கிற.

— கத்தாதீங்க, குத்திக் காட்டாதீங்கன்னு மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாக. வீட்டுல சத்தம் கூடுனா நோவு திரும்புமாம். ஒங்களுக்காகத்தான நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஏசத் தெரியாமலா இருக்கேன்?

— நீ ஏசாத வீட்டுல எனக்குத் தூக்கம் வரல.

— தூக்கம் வரலையா? எப்பயிலேர்ந்து?

— பாத்தியா, ஆரம்பிச்சுட்ட.

— நெசமாக் கேக்குறேன். ராத்திரி தூங்குனீகளா இல்லையா?

— தூங்குனேன். பேச்சுக்குச் சொன்னேன்.

— மாத்திர?

— நீதான முன்னாடி நின்ன. முழுங்குனதப் பாத்துட்டுத்தான் லைட்ட அமத்துன.

— இல்ல, புரண்டு புரண்டு படுத்த மாதிரி இருந்துச்சு.

— இந்தா பாரு, ஒன் மூஞ்சியிலேயே தெரியுது. உள்ளுக்குள்ள கணக்கு ஏறுது. தூக்கம் கொறைஞ்சிருக்கு, சந்தேகம் வந்திருக்கு, ஒரே பேச்சத் திருப்பித் திருப்பிப் பேசுறாரு. இன்னைக்கு வகுப்புக்குப் போனதும் மொத வேலையா மேடத்துகிட்டச் சொல்லுவ. மேடம் டாக்டருகிட்டச் சொல்லுவாக. டாக்டரு மாத்திரைய ஏத்துவாரு.

— ஒங்களுக்குக் கோவம் வருதுன்னு எனக்குப் புரியுதுங்க.

— அந்தக் குரலப் போடாத. அந்தக் குரல் மட்டும் வேண்டாம்.

— வேற எந்தக் குரல்ல பேச? நீங்களே சொல்லிக் குடுங்க.

— மாத்திரைய ஏத்துனா கை நடுங்கும் பாண்டி. பட்டறைக்கார மெய்யநாதண்ணன் என்னைய நம்பி ஒரு வீட்டுத் தரை முழுக்கப் பூக்கல்லு ஒத்துக்கிட்டு வந்திருக்காரு. கண்ணாடி மேல அச்ச வச்சு, கட்டம் கட்டமாக் கலர ஊத்தணும். ஒரு சொட்டுச் செவப்பு தாண்டிப்போயி மஞ்சள்ல விழுந்துச்சுன்னா அந்தக் கல்லு போச்சு. போன தடவ மாத்திரைய ஏத்துனப்ப பட்டறையில என்னைய மண்ணு சலிக்க விட்டாக. நேத்து வந்த பயலுகெல்லாம் கலரு ஊத்துறானுக, நான் சல்லடையப் புடிச்சுக்கிட்டு அங்குட்டு நிக்கிறேன். அது மறுபடியும் வேண்டாம்.

— எனக்கும் வேண்டாந்தான்.

— ஊருல எவன் பொண்டாட்டிகிட்ட எவன் சிரிச்சுப் பேசுனாலும் புருசனுக்கு வவுறு எரியும். எரியலன்னாத்தான் தப்பு. அதுக்குப் பேரு பொறாம. இந்த மாயக்கண்ணனுக்கு எரிஞ்சா மட்டும் அதுக்குப் பேரு அறிகுறி. என்ன நாயம் இது?

— நானும் அப்புடித்தாங்க நெனச்சேன், வேல்பாண்டி அண்ணன் விசயத்துல.

— அத எதுக்கு இப்ப எடுக்குற?

— எடுக்காம எங்க போக? மொத நாளு, 'அடுத்த வீட்டுக்காரன் ஏன் ஒன்னையப் பாத்துச் சிரிக்கிறான்'னீக. ஆம்பளைக்கு உள்ளதுதானன்னு நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. நம்மள இம்புட்டுக் கவனிக்கிறாரேன்னு. பெறகு அவுக வீட்டுப் பக்கத்துச் சன்னலச் சிமிட்டி வச்சுப் பூசுனீக. இன்னைக்கும் அந்த ரூம்புல பட்டப்பகல்ல லைட்டப் போட்டுத்தான் துணி மடிக்கிறேன். அதுக்குப் பெறகு சோத்த மோந்து பாத்துட்டு வச்சீக. அப்புறம் ஆளையே காணாம். மழையில நனைஞ்சுக்கிட்டு கல்லல் ஸ்டேசன்ல உக்காந்திருக்காருன்னு எவரோ வந்து சொன்னாக. கைக்கொழந்தை மீனுவத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன். என்னைய யாருன்னு கேட்டீக.

— போதும்.

— மொத நாளே நான் சிரிக்காம டாக்டருகிட்டக் கூட்டிப் போயிருந்தா அம்புட்டுத் தூரம் போயிருக்காதுன்னு வகுப்புல சொன்னப்ப, எந்திரிச்சு வெளிய போயி அழுதுட்டு வந்தேன். ஆறல எனக்கு. அதனால நீங்க 'எவன் அவன்'னு கேட்டா என்னால சிரிக்க முடியல. மத்தவன் பொண்டாட்டி சிரிப்பா. என்னால முடியாது.

— அன்னைக்கும் நான் கண்ணாலதான் பாத்தேன் பாண்டி.

— எத?

— வேல்பாண்டி சன்னலண்ட நின்னு ஒனக்குக் கைய ஆட்டுனத. சத்தியமாப் பாத்தேன். அப்புடி ஒண்ணும் நடக்கலன்னு நீ சொன்ன, டாக்டரு சொன்னாரு, சரின்னு ஒத்துக்கிட்டேன். இன்னைக்கும் கண்ண மூடுனா அந்தக் கை ஆடுது. இப்ப இந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரனையும் அதே கண்ணாலதான் பாத்திருக்கேன். இவனும் அந்தக் கை மாதிரிதானா, இல்ல நெசமா ஒரு ஆளா? அது தெரியாமத்தான் வாரம் முச்சூடும் வாயத் தெறக்காம இருந்தேன்.

— இதுக்கா இம்புட்டு நாளாப் பேசாம இருந்தீக?

— ஒன்னையக் கேட்டா நீ கணக்குப் போடுவ. கேக்கலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். நீ என்னடான்னா, வெளியாளுகிட்டச் சொல்லக் கூடாதுங்கிற. நீ சொல்லலன்னா நான் எத வச்சு என்னைய நம்புறது? சொல்லு. அவன் இருந்தானா? இல்லையா? அப்ப எல்லாம் நானாப் பாத்ததுதானா?

— இருந்தாருங்க.

— என்னைய ஆறுதல் படுத்தச் சொல்லாத.

— ஒங்க மேல சத்தியமா. கட்டம் போட்ட சட்டதான். துன்னூறு வச்சிருந்தாரு. தரையில குந்தி டம்ளர நீட்டுனாரு. நான் வாங்குனேன், கண்ணும் கலங்குச்சு. நீங்க சொன்னதுல ஒண்ணுகூடப் பெசகல. ஒங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல.

— அப்பாடி. இரு, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

— தண்ணி வேணுமா?

— ஒண்ணும் வேண்டாம். தன் பொண்டாட்டிக்கு இன்னொருத்தன் தண்ணி குடுத்தது நெசந்தான்னு கேட்டு மூச்சு விடுற புருசன் இந்தச் சீமையிலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

— சிரிக்கிறீக.

— சிரிச்சாச்சு. இப்பச் சொல்லு, எவன் அவன்?

— விடமாட்டீக. பேரு ரவிக்குமாரு. சிங்கம்புணரிக்காரரு. அவுக வீட்டம்மாவுக்கும் ஒங்களுக்கு உள்ளதுதான். அங்க நடிச்சுப் பழகச் சொல்லுவாக. ஒருத்தர் நோயாளியா இருக்கணும், ஒருத்தர் வீட்டாளா இருக்கணும். எப்புடிப் பேசணும், மாத்திரைய எப்புடிக் குடுக்கணும், கோவத்துல இருந்தா எங்குட்டு நிக்கணும்னு செஞ்சு காமிக்கணும். மத்தவக சுத்தி உக்காந்து பாப்பாக. அம்புட்டுத்தான் சங்கதி. போகவா?

— நடிப்பா?

— நடிப்புதான்.

— ஓகோ. அப்ப அந்த ரவிக்குமாருதான் நானு.

— பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.

— எப்புடி நடிக்கிறான்? வாயக் கோணிக்கிட்டு, எச்சிய ஒழுக விட்டுக்கிட்டா?

— அதெல்லாம் மேடம் விடமாட்டாக.

— அவனுக்கு என்னையப் பத்தி என்ன தெரியும்? கலர்க்கரண்டி புடிச்சிருக்கானா? சத்தம் கேக்குறப்ப நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு தெரியுமா? எந்நேரம் எனக்குப் பேச்சு புடிக்காது, எந்நேரம் கைய நெஞ்சுல வச்சுக்கிட்டு உக்காருவேன், அவனுக்குத் தெரியுமா? நீ சொல்லிக் குடுத்தியா?

— நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.

— அவனையும் 'ஏங்க'ன்னுதான் கூப்புடுறியா?

— இல்ல.

— இல்லன்னு சொல்லும்போது தரையப் பாக்குற. இந்த ஊருல எனக்குன்னு சொந்தமா இருக்கிறது நீ, மீனு, அப்புறம் இந்த நோவு. நல்லதோ கெட்டதோ, இது என் நோவு. அதையும் ஒருத்தன் சனிக்கிழம சனிக்கிழம வாங்கிப் போட்டுப் பாக்குறான். போட்டுக்கிட்டு என் பொண்டாட்டிகிட்ட நல்ல வார்த்த கேக்குறான். எனக்கு எரியுது பாண்டி. நோவால இல்ல, நல்லாவே எரியுது.

— தெரியுது.

— இன்னைக்கு நானும் வாரேன். நானே நானா உக்காருறேன். அவன வேற எவனாவாச்சும் இருக்கச் சொல்லு.

— நோயாளிக வரக் கூடாது. அது வீட்டாளுகளுக்கு மட்டுந்தான்.

— அப்ப நீயும் போக வேண்டாம். சேலைய மாத்திட்டு அடுப்பப் பத்த வையின்னு சொல்லல. வேணும்னா ரெண்டு பேரும் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போவோம். வகுப்பு மட்டும் வேண்டாம்.

— அத மட்டும் சொல்லாதீங்க.

— ஏன்? எல்லாத்தையுந்தான் படிச்சுட்டியே. தூக்கம், சந்தேகம், மாத்திர, எல்லாம் மனப்பாடம். இன்னும் அங்க என்ன பாக்கி இருக்கு?

— வேண்டாங்க, கேக்காதீங்க. நான் போயிட்டு வந்துர்றேன்.

— இரு. நகராத. டம்ளரு அவன் கையிலதான இருந்துச்சு?

— ஆமா.

— தரையில குந்துனது அவன். சேர்ல உக்காந்திருந்தது நீ.

— பஸ்ஸு ஆரன் அடிக்கிறது கேக்குதுல்ல?

— கேக்குது. அதுவும் நெசந்தான், எனக்குத் தெரியும். நீதான சொன்ன, நான் பாத்ததுல ஒண்ணும் பெசகலன்னு. நோயாளிக்குத்தான தண்ணி குடுப்பாக? அவன் நானா இருந்தா சேர்ல அவன்தான உக்காந்திருக்கணும். டம்ளரு ஒன் கையிலதான இருந்திருக்கணும். அப்ப யாரு நானு?

— நாந்தாங்க. நாந்தான் நீங்களா இருந்தேன்.

— நீயா?

— அவரு நானா இருந்தாரு. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல மொத தடவ அப்புடி விழுந்துச்சு.

— என்ன கேட்டான் அவன்?

— 'சாப்பிட்டியாம்மா'ன்னாரு. 'ராத்திரி தூங்குனியா, மனசுக்குள்ள என்ன ஓடுது, சொல்லணும்போல இருந்தாச் சொல்லு, இல்லன்னா சும்மா உக்காந்திரு, நான் பக்கத்துலயேதான் இருக்கேன்'னாரு. பாடத்துல உள்ளதத்தான் சொன்னாரு. அவுக பொண்டாட்டிய மனசுல வச்சுத்தான் சொன்னாரு, அதுவும் தெரியும். என் மூஞ்சியக்கூட அவரு சரியாப் பாத்திருக்க மாட்டாரு.

— அதுக்கா அழுத?

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைய ஒருத்தரும் அப்புடிக் கேட்டதில்ல. ஒங்களக் கொற சொல்லல, ஒங்களுக்கு ஒங்க பாடே பெரும்பாடு. நான் தெனமும் ஒங்களக் கேக்குறேன். சாப்பிட்டீகளா, தூங்குனீகளா, மனசு எப்புடி இருக்கு. கேக்கக் கேக்க எனக்கு உள்ள எரியும், இந்த மனுசனுக்கு இம்புட்டுக் கெடைக்குதேன்னு. நீங்க பால்காரன் மேல பட்டீக, ரவிக்குமாரு மேல பட்டீக. நான் நோவுல கெடக்குற சொந்தப் புருசன் மேல படுறேன். இது அறிகுறியான்னு மேடத்துகிட்டக் கேக்கவும் வெக்கமா இருக்கு.

— பாண்டி, இங்குட்டு வா.

— வரமாட்டேன். வந்தா ஒக்காந்துருவேன், பஸ்ஸு போயிரும். இன்னைக்கு அந்தச் சேர்ல உக்கார வேண்டிய மொற எங்கூட வகுப்புக்கு வர்ற அக்கம்மாக்காவுக்கு. 'எனக்கு விட்டுக் குடுக்கா, இந்த ஒரு வாரமும் நான் நோயாளியா இருந்துக்கிறேன்'னு நேத்துப் போன்ல அழாத கொறையாக் கெஞ்சி வாங்கி வச்சிருக்கேன்.